நஞ்சுக்கொடியைக் கடந்தவை: ரூபெல்லா முதல் கொரோனா வரை

1941ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் மெக்அலிஸ்டர் கிரெக்கிடம் வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் கைக்குழந்தைகள் வந்துகொண்டிருந்தன. எல்லாருக்கும் ஒரே பிரச்சினை, கண்புரை. அறுபது வயதுக்கு மேல் வருகிற சமாச்சாரம் அது. பிறவியிலேயே சில குழந்தைகளுக்கு வருவதுண்டு, ஆனால் அப்படி வந்தால் பரம்பரையில் யாருக்காவது இருந்திருக்கும். இந்தக் குழந்தைகளின் குடும்பங்களில் அப்படி யாரும் இல்லை. பல குழந்தைகள் எடை குறைந்து நோஞ்சானாக இருந்தன. இதயத்திலும் கோளாறு இருந்தது.

அவருடைய காத்திருப்பு அறையில் இரண்டு தாய்மார்கள் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது என்று சொல்லப்படுவதுண்டு. கர்ப்பமாக இருந்தபோது இருவருக்குமே ஜெர்மன் தட்டம்மை வந்திருந்ததாம். ஜெர்மன் தட்டம்மை, அதாவது ரூபெல்லா. லேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு, அப்புறம் தானாகவே போய்விடும். அன்றைய மருத்துவர்கள் அதை ஒரு நோயாகவே மதிக்கவில்லை. 1940இல் ஆஸ்திரேலியாவில் அது பெரிய அளவில் பரவியிருந்தது. போருக்காக இளைஞர்களை ராணுவ முகாம்களில் மொத்தமாக அடைத்து வைத்திருந்த காலம் அது. விடுப்பில் வீடு திரும்பியவர்கள் நோயையும் கொண்டுவந்தார்கள்.

கிரெக் மற்ற மருத்துவர்களுக்கு எழுதிக் கேட்டார். மொத்தம் 78 குழந்தைகளின் விவரம் சேர்ந்தது. அவர்களில் 68 பேரின் தாய்மார்களுக்குக் கர்ப்பகாலத்தில், பெரும்பாலும் முதல் சில வாரங்களில், ரூபெல்லா வந்திருந்தது. 1941 அக்டோபரில் மெல்போர்னில் நடந்த கண் மருத்துவர்கள் கூட்டத்தில் இதை அவர் வாசித்தார்.

நோய் வந்த தாய் ஒரு வாரத்தில் எழுந்து வேலை பார்க்கப் போய்விட்டாள். கண் போனது அவள் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு. கொரோனா காலத்தில் கர்ப்பமாக இருந்த ஒவ்வொரு பெண்ணும் கேட்ட கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது: “எனக்கு சரியாயிடுச்சு. உள்ளே இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதே?”

சுவர் என்ற நம்பிக்கை

கிரெக்கை மருத்துவ உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. லான்செட் இதழ் 1944இல்கூட இது நிரூபிக்கப்படவில்லை என்றே எழுதியது. காரணம் இல்லாமல் இல்லை. கரு நஞ்சுக்கொடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது, பரம்பரைதான் அதன் விதியைத் தீர்மானிக்கிறது என்பது அன்றைய பொதுப்புத்தி. சிஃபிலிஸ் போல ஒன்றிரண்டு நோய்கள் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் என்பது தெரிந்திருந்தது. ஆனால் மூன்று நாள் தடிப்பு ஒன்று சுவரைத் தாண்டிப்போய்க் கண்ணைக் குருடாக்கும் என்பது நம்பமுடியாத கதையாக இருந்தது. சாட்சிகளும் யார்? தாய்மார்கள். அவர்களின் ஞாபகத்தை நம்பி அறிவியல் செய்ய முடியுமா என்று கேட்டார்கள்.

நம் ஊரிலும் இதற்கு ஒரு கதை உண்டு, ஆனால் திசை நேரெதிர். அபிமன்யு கருவிலிருந்தே சக்கரவியூகத்தைக் கேட்டவன். கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே போனால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்று இன்றும் கதவைச் சாத்துகிறோம். நமக்குக் கரு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் ஒன்று. ஆகவே எது நடந்தாலும் அம்மா எதையோ செய்திருக்கிறாள், எங்கேயோ போயிருக்கிறாள். ஒரு பக்கம் தாய் சொல்வதை நம்பாத மருத்துவம், மறுபக்கம் தாயை மட்டுமே குற்றம் சொல்லும் ஊர்.

கிரெக் சொன்னதை அடிலெய்டில் சார்லஸ் ஸ்வானும் அவருடைய சகாக்களும் 1943இல் உறுதிசெய்தார்கள். காது கேளாமையும் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஒரு புள்ளியியலாளருடையது. ஆலிவர் லங்காஸ்டர் ஆஸ்திரேலியாவின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு காது கேளாதவர்களை வயதுவாரியாக எண்ணினார். 1911 கணக்கெடுப்பில் 10 முதல் 14 வயதுக்குள் காது கேளாதவர்கள் திடீரென்று அதிகமாக இருந்தார்கள். 1921இல் அந்த மேடு 20 முதல் 24 வயதுக்கு நகர்ந்திருந்தது. அதே பிள்ளைகள்தான், பத்து வயது கூடியிருந்தது. 1890களின் கடைசியில் அவர்கள் கருவில் இருந்தபோது வந்துபோன ஒரு தொற்று, யாரும் கவனிக்காமலேயே, கணக்கெடுப்புக்குள் தழும்பாகப் படிந்திருந்தது. 1951இல் லங்காஸ்டர் இதை எழுதினார். கிரெக்குக்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே ஆதாரம் அரசாங்க அலமாரியில் இருந்திருக்கிறது. சரியான கேள்வியோடு அதைத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

அதன்பிறகு நடந்தது வேகமானது. 1962இல் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. 1964-65இல் அமெரிக்காவில் பரவிய ரூபெல்லாவில் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பிறவிக் குறைபாடுகளோடு பிறந்தன. 1969இல் தடுப்பூசி வந்தது. 2015இல் அமெரிக்கக் கண்டங்கள் முழுவதும் ரூபெல்லா ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில்? 1990களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த கண்புரைக் குழந்தைகளை ஆராய்ந்தபோதும் ரூபெல்லா ஒரு முக்கியக் காரணமாக இருந்தது. தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில்தான் தொடங்கியது. தமிழ்நாடு அதன் முதல் கட்டத்திலேயே இருந்தது. அப்போது வாட்ஸப்பில் வந்த வதந்திகளைப் பார்த்துப் பல பெற்றோர்கள் பள்ளிக்கு “என் பிள்ளைக்குப் போட வேண்டாம்” என்று எழுதிக்கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடும் அந்த ஊசி, உண்மையில் இன்னும் கருவாகக்கூட ஆகாத யாருக்கோ போடும் ஊசி என்பதை அவர்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை.

கடக்காமலே தாக்கிய காய்ச்சல்

ரூபெல்லா ஒரு மாதிரி. வைரஸ் நஞ்சுக்கொடியைக் கடக்கிறது, உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் செல்களைக் கெடுக்கிறது. விளைவைப் பிறந்ததுமே பார்த்துவிடலாம். 1918இன் ஃப்ளூ வேறு மாதிரி.

1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக அது இந்தியாவுக்குள் நுழைந்தது. இறந்தவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து இரண்டு கோடி வரை என்று மதிப்பீடுகள் சொல்கின்றன. 1911க்கும் 1921க்கும் இடையில் இந்திய மக்கள்தொகை குறைந்தது. கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படிக் குறைந்த ஒரே பத்தாண்டு அதுதான்.

கர்ப்பிணிகளை அது எப்படித் தாக்கியது என்பதற்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த ஜான் ஹாரிஸ் 1919இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. 1,350 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு நிமோனியா வந்தது, அவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். மொத்தத்தில் 27 சதவீதம் பேர் சாவு. பிழைத்தவர்களில் பலருக்குக் கரு கலைந்தது, அல்லது குறைப்பிரசவம் ஆனது. இத்தனைக்கும் இன்ஃப்ளுயன்ஸா வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போவது அபூர்வம்.

சரி, தாயும் பிழைத்து, பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்துவிட்டால்? கை கால், கண், இதயம் எல்லாம் சரியாக இருக்கின்றன. அதோடு கதை முடிந்ததா?

டக்ளஸ் ஆல்மண்ட் என்ற பொருளாதார அறிஞர் 2006இல் இதைக் கேட்டார். கையில் எடுத்தது, லங்காஸ்டரைப் போலவே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அமெரிக்காவில் 1918 இலையுதிர்காலத்தில் தொற்று உச்சத்துக்குப் போய்ச் சில மாதங்களில் அடங்கிவிட்டது. குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் வந்திருந்தது. ஆக, 1919இல் பிறந்தவர்கள் கருவில் அதைச் சந்தித்தவர்கள். முன்னும் பின்னும் பிறந்தவர்கள் தப்பித்தவர்கள். 1960, 1970, 1980 கணக்கெடுப்புகளில் இவர்களைத் தேடிப் பார்த்தார். 1919இல் பிறந்தவர்கள் பள்ளிப்படிப்பை முடிப்பது குறைவாகவும், வருமானம் குறைவாகவும், உடல் ஊனம் அதிகமாகவும் இருந்தது. அறுபது வயதானவரின் சம்பளச் சீட்டில் அவர் பிறப்பதற்கு முன் அவருடைய அம்மாவுக்கு வந்த காய்ச்சல் தெரிகிறது என்று சொன்னால் யாருக்குத்தான் சிலிர்க்காது.

ஆனால் இங்கேதான் ஒரு நிமிடம் நிற்கவேண்டும். ஒரே ரிலீஸில் இரண்டு மாற்றங்களை அனுப்பிவிட்டு, சர்வர் படுத்ததும் எது காரணம் என்று தேடிய அனுபவம் சாஃப்ட்வேர் ஆட்கள் எல்லாருக்கும் இருக்கும். 1918இலும் அதுதான் நடந்தது. ஃப்ளூ வந்த அதே நேரத்தில் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஆரோக்கியமான இளைஞர்கள் பலர் ராணுவத்தில் இருந்தார்கள். ஊரில் தங்கிப் பிள்ளை பெற்றுக்கொண்டவர்கள் சராசரியைவிடச் சற்று வசதி குறைந்தவர்கள். அப்படியானால் 1919இல் பிறந்தவர்கள் பின்தங்கியதற்குக் காரணம் வைரஸா, வீட்டின் வறுமையா? பின்னால் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை எழுப்பி, பெற்றோரின் விவரங்களைப் பதிவேடுகளில் தேடிச் சேர்த்து மீண்டும் கணக்குப் போட்டார்கள். அந்த விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இந்த முடிச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொரோனாவில் இது திரும்பவும் வரும்.

அறிவு வந்ததும், தப்பான பாடமும்

நஞ்சுக்கொடி சுவர் அல்ல என்பதை உலகத்துக்கு முழுதாகப் புரியவைத்தது நோய் அல்ல, ஒரு மாத்திரை. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடைக் கர்ப்பிணிகள் மசக்கைக்குச் சாப்பிட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்தன. 1961இல் ஜெர்மனியில் லென்ஸும் சிட்னியில் மெக்பிரைடும் தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். மறுபடியும் அதே சிட்னி.

கர்ப்பிணிகள் சாப்பிடப்போகும் மருந்தை அவர்களுக்குப் பாதுகாப்பானதா என்று முறையாகச் சோதிக்கவேண்டும். தாலிடோமைடு கற்றுத்தந்திருக்க வேண்டிய பாடம் இதுதான். உலகம் கற்றுக்கொண்டதோ, கர்ப்பிணிகளைச் சோதனைப் பக்கமே விடக்கூடாது என்பது. 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கர்ப்பமாகும் வாய்ப்புள்ள பெண்களையே ஆரம்பகட்டச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. 1993இல் அதை மாற்றிக்கொண்டாலும் பழக்கம் போகவில்லை. அதற்கான விலையை 2021இல் கொடுத்தோம்.

இடையில் 2015இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜிகா. தாயும் மகளுமான இரண்டு குழந்தை நரம்பியல் மருத்துவர்கள், ஆனா வான் டெர் லிண்டனும் வனெஸ்ஸா வான் டெர் லிண்டனும், மிகச் சிறிய தலையோடு பிறந்த குழந்தைகள் வரிசையாக வருவதைக் கவனித்தார்கள். தாய்மார்களிடம் கேட்டபோது, கர்ப்பத்தின் தொடக்கத்தில் லேசான காய்ச்சலும் தடிப்பும் வந்ததாகச் சொன்னார்கள். 74 ஆண்டுகளுக்குப் பிறகு அதே காத்திருப்பு அறை, அதே பதில். இந்தமுறை உலகம் சீக்கிரம் நம்பியது. 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை அறிவித்தது.

ஒன்பது பெண்கள்

ஆக, 2020 ஜனவரியில் புதிய கொரோனா வைரஸின் செய்தி வந்தபோது மகப்பேறு மருத்துவர்களின் மனதில் மூன்று படங்கள் இருந்தன. ரூபெல்லா, ஜிகா போலக் கருவைச் சிதைக்குமா? 1918 போலத் தாயைக் கொல்லுமா? அல்லது பிள்ளை நன்றாகப் பிறந்து பின்னால் ஏதாவது தெரியவருமா? 2003இல் ஹாங்காங்கில் சார்ஸ் வந்த 12 கர்ப்பிணிகளில் 3 பேர் இறந்திருந்தார்கள். ஆனால் எந்தக் குழந்தைக்கும் தொற்று போகவில்லை. கையில் இருந்த ஒரே முன்கதை அதுதான்.

முதல் பதில் வூஹானிலிருந்து வந்தது. 2020 பிப்ரவரியில் லான்செட்டில் வெளியான கட்டுரை, கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்த 9 பெண்களைப் பற்றியது. அவர்களில் 6 பேரின் பனிக்குட நீர், தொப்புள்கொடி ரத்தம், தாய்ப்பால், பிறந்த குழந்தையின் தொண்டைச் சளி ஆகியவற்றைச் சோதித்தார்கள். எதிலும் வைரஸ் இல்லை. உலகமே அந்த ஆறு பேரைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் அடைந்தது. ஆறு பேர்! அதுவும் எல்லாருமே கடைசி மூன்று மாதத்தில் நோய் வந்தவர்கள். முதல் மூன்று மாதத்தில் வந்தவர்களின் பிள்ளைகள் பிறக்க இன்னும் ஆறேழு மாதம் இருந்தது. கர்ப்பத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் எவ்வளவு அவசரப்பட்டாலும் பத்து மாதத்தைச் சுருக்க முடியாது.

ஜூலையில் பாரிஸ் அருகே க்ளமார்ட்டில் உள்ள அந்துவான் பெக்லேர் மருத்துவமனை ஒரு குழந்தையைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. தாய்க்குக் கடைசி மூன்று மாதத்தில் தொற்று. அறுவை செய்து எடுத்த குழந்தைக்கும் தொற்று இருந்தது. தாயின் ரத்தத்திலும் பனிக்குட நீரிலும் இருந்ததைவிட அதிகமான வைரஸ் நஞ்சுக்கொடியில் இருந்தது. குழந்தைக்கு மூளையில் அழற்சியின் அறிகுறிகள் தெரிந்தன. பிறகு தேறிவிட்டது. வைரஸால் கடக்க முடியும் என்பது அதோடு உறுதியானது.

ஆனால் அபூர்வமாகத்தான். கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழைய ஏசிஇ-2 என்ற பூட்டும், அதைத் திறக்க உதவும் இன்னொரு புரதமும் வேண்டும். இரண்டும் சேர்ந்திருக்கும் செல்கள் நஞ்சுக்கொடியில் மிகக் குறைவு என்று 2020இலேயே ஆய்வுகள் காட்டின. தவிர, பெரும்பாலான நோயாளிகளின் ரத்தத்தில் வைரஸ் அதிகம் சுற்றுவதில்லை. அதனால்தான், கோடிக்கணக்கான கர்ப்பிணிகளுக்குத் தொற்று வந்தபின்னும், ரூபெல்லாவுக்குக் கண்புரை போல, ஜிகாவுக்குச் சிறுதலை போல, “இது கொரோனாக் குழந்தை” என்று சொல்லும்படியான ஒரு பிறவிக் குறைபாடு இல்லை. இதுவரை கிடைத்ததிலேயே பெரிய ஆறுதல் இதுதான். அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

பிள்ளையைத் தொடாமல்

கடக்காமலே தாக்க முடியும் என்பதுதான் 1918 சொன்ன விஷயம். 18 நாடுகளில் 43 மருத்துவமனைகளில் 2,130 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த இன்டர்கோவிட் ஆய்வு 2021 ஏப்ரலில் வெளியானது. தொற்று வந்தவர்களுக்குக் குறைப்பிரசவம் ஏறத்தாழ 1.6 மடங்கு. ரத்த அழுத்தம் எகிறும் பிரீ-எக்லாம்சியா 1.8 மடங்கு. தாய் இறக்கும் அபாயம் பல மடங்கு. இவையெல்லாம் வைரஸ் பிள்ளையைத் தொடாமலே நடப்பவை. நுரையீரல் திணறுகிறது, ரத்தம் எளிதாக உறைகிறது, உடல் முழுக்க அழற்சி. அம்மாவுக்கு ஆக்ஸிஜன் குறைந்தால் பிள்ளைக்கும் குறையும், அவ்வளவுதான்.

2021இன் தொடக்கத்தில் அயர்லாந்தில் இன்னொன்று தெரியவந்தது. சில மாதங்களுக்குள் ஆறு குழந்தைகள் வயிற்றிலேயே இறந்தன, இன்னொரு கரு கலைந்தது. தாய்மார்களில் யாருக்கும் நோய் தீவிரமாக இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நஞ்சுக்கொடியை நுண்ணோக்கியில் பார்த்தபோது அது அழிந்துபோயிருந்தது. ரத்தம் ஓடவேண்டிய இடைவெளிகளை ஃபைப்ரின் என்ற உறைபொருள் சிமெண்ட் போல அடைத்திருந்தது. வெளிச்செல்கள் செத்திருந்தன. அடுத்த ஆண்டு 12 நாடுகளிலிருந்து இப்படிப்பட்ட 68 மரணங்களைத் தொகுத்தபோது, சராசரியாக நஞ்சுக்கொடியின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கெட்டுப்போயிருந்தது தெரிந்தது. பெரும்பாலான குழந்தைகளின் உடலில் வைரஸ் செய்த சேதம் எதுவும் இல்லை. வழியிலேயே மூச்சு அடைபட்டுவிட்டது. 68 தாய்மார்களில் ஒருவர்கூடத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை.

இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது? 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களின் கணக்கு இருக்கிறது. தொற்று இல்லாதவர்களில் 0.64 சதவீதம் பேருக்குக் குழந்தை இறந்து பிறந்தது. பிரசவத்துக்குச் சேரும்போது தொற்று இருந்தவர்களில் 1.26 சதவீதம். டெல்டா வகை வந்தபின் தொற்றுக்காரர்களின் அபாயம் நான்கு மடங்கானது. நூற்றில் 97 பேருக்கு அப்போதும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மை. பிறக்காமல் போனவர்களின் வீடுகளில் அந்த விகிதத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை என்பதும் உண்மை.

இந்தியாவில் டெல்டாதான் இரண்டாம் அலை. மகாராஷ்டிரத்தில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கர்ப்பிணிகள் பதிவேடு 1,530 பேரை ஒப்பிட்டது. முதல் அலையில் தொற்று வந்த கர்ப்பிணிகளில் 0.7 சதவீதம் பேர் இறந்தார்கள். இரண்டாம் அலையில் 5.7 சதவீதம். எட்டு மடங்கு. அந்த நாட்களில் ஆக்ஸிஜன் படுக்கைக்காக வந்த ட்விட்டர் கோரிக்கைகளில் “எட்டு மாத கர்ப்பிணி” என்ற வார்த்தைகளை எத்தனை முறை படித்தோம்.

இங்கேதான் 1977இன் நிழல் விழுகிறது. பெரிய தடுப்பூசிச் சோதனைகள் எல்லாமே கர்ப்பிணிகளை விலக்கியே நடந்தன. தரவு இல்லை, எனவே அனுமதி இல்லை. அனுமதி இல்லை, எனவே தரவு இல்லை. 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியபோது கர்ப்பிணிகளுக்கு இல்லை. மே முதல் வாரத்தில் தினசரித் தொற்று நான்கு லட்சத்தைத் தாண்டியது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது ஜூலை 2 அன்று, அலை வடிந்தபின். பிறகு வந்த தரவுகள் என்ன சொல்லின? தடுப்பூசியால் கருச்சிதைவு கூடவில்லை. தாயின் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போகிறது. அமெரிக்க ஆய்வு ஒன்றில், கர்ப்பத்தில் ஊசி போட்டவர்களின் குழந்தைகள் முதல் ஆறு மாதத்தில் கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்வது 61 சதவீதம் குறைந்தது. வைரஸ் அபூர்வமாகக் கடக்கும் அதே வழியில் பாதுகாப்பு தாராளமாகக் கடந்துகொண்டிருந்தது. யாரைப் பாதுகாப்பதாகச் சொல்லி விலக்கினோமோ, அவர்களைத்தான் பாதுகாப்பில்லாமல் விட்டோம்.

வளர்ந்த பிறகு

மிச்சமிருப்பது ஆல்மண்டின் கேள்வி. நல்லபடியாகப் பிறந்த குழந்தைகளுக்கு?

2022 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகம், 2020இல் பிறந்த 255 குழந்தைகளை ஆறு மாத வயதில் அளந்து எழுதியது. அம்மாவுக்குத் தொற்று வந்ததா இல்லையா என்பதால் வித்தியாசமே இல்லை. ஆனால் இரண்டு கூட்டமுமே, கொரோனாவுக்கு முன் பிறந்த குழந்தைகளைவிட, உடலசைவிலும் பழகும் விதத்திலும் சற்றுப் பின்தங்கியிருந்தன. அதாவது குற்றவாளி வைரஸ் மட்டும் அல்ல, அந்த வருடமே குற்றவாளியாக இருக்கலாம். வேலை போன பயம், அடைந்துகிடந்த வீடு, பார்க்க வராத பாட்டி. நேபாளத்தில் ஊரடங்கின்போது மருத்துவமனைப் பிரசவங்கள் பாதியாகக் குறைந்தன. வந்து சேர்ந்தவர்களில் இறந்து பிறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 14இலிருந்து 21ஆகக் கூடின. அவர்களைக் கொன்றது வைரஸ் அல்ல, ஓடாத பேருந்து.

பாஸ்டன் குழுவின் முடிவு வேறு. ஆண்ட்ரியா எட்லோவும் சகாக்களும் மருத்துவமனைப் பதிவுகளைத் தொடர்ந்து படித்துவருகிறார்கள். 2025இல் வெளியான ஆய்வில் 18,124 குழந்தைகள். அவர்களில் 861 பேரின் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தில் தொற்று. மூன்று வயதுக்குள் பேச்சு, உடலசைவு, ஆட்டிசம் என ஏதாவது ஒரு வளர்ச்சிக் குறிப்பு எழுதப்பட்டவர்கள் தொற்றுக்கு ஆளானவர்களில் 16.3 சதவீதம், ஆளாகாதவர்களில் 9.7 சதவீதம். வேறு காரணங்களைக் கழித்தபின் அந்த வித்தியாசம் 1.29 மடங்காகச் சுருங்குகிறது. ஆண் குழந்தைகளிலும், கடைசி மூன்று மாதத்தில் தொற்று வந்தபோதும் கூடுதல். கலிபோர்னியாவை மையமாகக் கொண்ட இன்னொரு பெரிய ஆய்வு, 2024இல், இரண்டு வயது வரை வித்தியாசம் ஒன்றும் இல்லை என்றது.

இதை எப்படி வாசிப்பது? 16.3 என்பது 1.29 மடங்காகச் சுருங்கியதே, அந்தச் சுருக்கத்துக்குள் ஒரு சமூகம் இருக்கிறது. 2020இல் யாருக்குத் தொற்று வந்தது? வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாதவர்களுக்கு, ஒரே அறையில் ஆறு பேர் படுத்தவர்களுக்கு. 1918இன் அதே முடிச்சு. கழித்தபின்னும் மிஞ்சுவது தாயின் அழற்சி விட்ட தடமாக இருக்கலாம். கருவின் மூளை வளரும்போது தாயின் நோயெதிர்ப்பு மும்முரமாக வேலை செய்வது அதைப் பாதிக்கும் என்பதற்கு விலங்குகளில் நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் தலைப்புச் செய்தி “கர்ப்பத்தில் கொரோனா, குழந்தைக்கு ஆட்டிசம்” என்றுதான் வரும். அதைப் படிக்கும் அம்மா, பேச்சு தாமதமான தன் பிள்ளையைப் பார்த்து, 2020இல் மாஸ்க் இல்லாமல் கடைக்குப் போன அந்த ஒரு நாளைத் தேடுவாள். கிரகணத்துக்கும் மாஸ்க்குக்கும் அவள் மனதில் வித்தியாசம் இருக்காது.

இந்த 80 ஆண்டு வரலாறு அவளுக்குச் சொல்வது வேறு. அம்மாவுக்கு வந்த காய்ச்சல் அவளுடைய தவறு அல்ல, அது ஒரு தகவல். கிரெக் செய்தது அந்தத் தகவலைக் கேட்டு எழுதிவைத்ததைத்தான். காது கேளாத பிள்ளைகளை 1911இலேயே எண்ணியாகிவிட்டது. அவர்களைப் புரிந்துகொள்ள 1951வரை ஆயிற்று. எண்ணுவதும் கேட்பதும் வேறு வேறு இடங்களில் நடந்ததால் வந்த தாமதம் அது.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் பதிவாகிறது. பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது எவ்வளவு பாடு என்று பிள்ளை பெற்ற வீடுகளுக்குத் தெரியும். அலுப்பாக நாம் நிரப்பும் அந்தப் படிவம் லங்காஸ்டரின் அலமாரியைப் போன்றது. 2020இலும் 2021இலும் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் மற்ற பிள்ளைகளைப் போலவே எழுதிக்கொண்டும் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். சிலருக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டியிருக்கும். யாருக்கு என்று தெரிந்துகொள்ள அவர்களுடைய அம்மாக்களிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: “வயித்துல இருந்தப்போ உனக்கு ஜுரம் ஏதாவது வந்துச்சாம்மா?” கேட்பவரின் குரலில் குற்றச்சாட்டு இல்லாமல் இருக்கவேண்டும். கையில் ஒரு நோட்டும் இருக்கவேண்டும்.